நாற்காலி எந்த நாட்டில் இருக்கிறது? வெளிநாட்டில் வாழும் ஃப்ரீலான்ஸருக்கு ஒரு முழு வழிகாட்டி

வெளிநாட்டில் தனியாகத் தொழில் செய்யும் மூன்று பேர் ஓரிடத்தில் சேர்ந்தால் இந்தப் பேச்சு எப்படியும் வந்துவிடும்: “என் கிளையன்ட் இந்த நாட்டிலேயே இல்லை. பணமும் இங்கே உள்ள வங்கிக்கு வருவதில்லை. அப்புறம் எதற்கு இங்கே அனுமதி, எதற்கு வரி?” முதல் வருடம் நானும் இதையேதான் சொல்லிக்கொண்டு திரிந்தேன். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் குடிவரவு அதிகாரியும் வரி அதிகாரியும் கேட்கும் கேள்வி வேறு. வேலை செய்யும்போது நீங்கள் உட்கார்ந்திருக்கும் நாற்காலி எந்த நாட்டில் இருக்கிறது? பெரும்பாலான விஷயங்களில் அதுதான் தீர்மானிக்கிறது. தீர்மானிக்காத இடங்களும் சில உண்டு, அவற்றையும் பார்ப்போம்.

சம்பளத்துக்கு வேலை பார்ப்பவருக்கு விசா, வரிப் பிடித்தம், காப்பீடு எல்லாவற்றையும் நிறுவனம் பார்த்துக்கொள்ளும். ஃப்ரீலான்ஸருக்கு அத்தனையும் தன் தலையில். செய்யவே முடியாத வேலை என்று எதுவும் இல்லை, ஆனால் வரிசை மாறினால் அவதி. அனுமதி, பதிவு, வரி, காப்பீடு, அதற்கப்புறம்தான் இன்வாய்ஸ். நான் இன்வாய்ஸில் ஆரம்பித்தவன்.

முதல் படி: தொழில் செய்ய அனுமதி இருக்கிறதா?

ஒரு நாட்டில் வசிக்க அனுமதி இருப்பதும், அங்கே சுயதொழில் செய்ய அனுமதி இருப்பதும் ஒன்றல்ல. இதில்தான் அதிகம் பேர் சறுக்குகிறார்கள், அதுவும் நல்ல விசா வைத்திருப்பவர்கள். அமெரிக்காவின் எச்-1பி விசாவில் இருப்பவர் தனக்கு விண்ணப்பித்த நிறுவனத்துக்கு மட்டும்தான் வேலை செய்யலாம். வார இறுதியில் வேறொருவருக்கு லோகோ வரைந்து காசு வாங்கினாலும் அது விதிமீறல். சிங்கப்பூரின் எம்ப்ளாய்மென்ட் பாஸும் அப்படித்தான், ஒரு முதலாளியோடு கட்டிப்போட்டது.

கையில் இருக்கும் அட்டையில் என்ன அச்சிட்டிருக்கிறது என்பதை ஒவ்வொரு சொல்லாகப் படியுங்கள். ஜெர்மனியின் வசிப்பிட அட்டையை எடுத்துக்கொள்ளலாம். அதிலோ அதோடு வரும் இணைப்புத் தாளிலோ ‘எர்வெர்ப்ஸ்டேடிக்கைட் கெஷ்டாட்டெட்’ என்று இருந்தால், சம்பள வேலை, சுயதொழில் இரண்டுக்கும் அனுமதி உண்டு. ‘பெஷெஃப்டிகுங் கெஷ்டாட்டெட்’ என்று இருந்தால் சம்பள வேலைக்கு மட்டும்தான். ஒரே ஒரு சொல்தான் வித்தியாசம். இரண்டையும் ‘வேலை செய்யலாம்’ என்று மனதுக்குள் மொழிபெயர்த்துக்கொண்டு, சந்தோஷமாகத் தொழில் தொடங்கிவிட்டு, புதுப்பிக்கப் போகும்போது மாட்டிக்கொண்டவர்கள் உண்டு. துணைவரின் விசாவில் போகிறவர்கள் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். பல நாடுகளில் அந்த விசா உங்கள் துணைவரின் சொந்த விசாவைவிடத் தாராளமாக இருக்கும்.

அப்படி எதுவும் கையில் இல்லையென்றால் இரண்டு வழிகள். ஒன்று, சுயதொழிலுக்கென்றே உள்ள வசிப்பிட அனுமதி. ஜெர்மனியின் வசிப்பிடச் சட்டத்தில் 21ஆம் பிரிவு இதற்கானது. 45 வயதைத் தாண்டியவர்கள் முதுமைக்குப் போதிய ஏற்பாடு வைத்திருப்பதையும் காட்ட வேண்டும் என்று அதிலேயே இருக்கிறது. நெதர்லாந்தில் 1956இல் கையெழுத்தான நட்பு ஒப்பந்தத்தின் கீழ், அமெரிக்கக் குடிமக்கள் 4,500 யூரோ முதலீட்டோடு சுயதொழில் அனுமதி பெறலாம். இப்படிக் குறிப்பிட்ட தேசத்தவருக்கு மட்டும் திறக்கும் பக்கக் கதவுகள் பல நாடுகளில் உண்டு. உங்கள் கடவுச்சீட்டுக்கு ஏதாவது இருக்கிறதா என்று தேடிப் பார்ப்பதில் நஷ்டமில்லை.

இரண்டாவது, டிஜிட்டல் நாடோடி விசா, அதாவது வெளிநாட்டு வருமானத்தை வைத்துக்கொண்டு இணையம் வழியே வேலை செய்பவருக்கானது. எஸ்தோனியா 2020இல், குரோவேஷியா 2021இல், போர்ச்சுகல் 2022 அக்டோபரில், ஸ்பெயின் 2023இல், தாய்லாந்து 2024இல் என்று வரிசையாக வந்துவிட்டன. பெயர் ஒன்றாக இருந்தாலும் உள்ளே விதி வேறு வேறு. போர்ச்சுகல், அந்நாட்டுக் குறைந்தபட்ச ஊதியத்தைப் போல நான்கு மடங்கு மாத வருமானம் கேட்கிறது. ஸ்பெயினில் உள்ளூர் வாடிக்கையாளர்களிடமிருந்து வரும் பணம் உங்கள் மொத்த வேலையில் 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. குரோவேஷியாவில் உள்ளூர் நிறுவனத்துக்கு வேலையே செய்யக் கூடாது. இந்த விசாக்களின் அடிப்படை எண்ணமே, ‘வெளியே சம்பாதி, இங்கே செலவு செய்’ என்பதுதான். அந்த ஊரிலேயே கிளையன்ட் பிடித்துக் காலூன்ற நினைப்பவருக்கு இது தோதுப்படாது.

சுற்றுலா விசாவில் போய் வேலை செய்வது? பெரும்பாலான நாடுகளில் கூடாது, அல்லது சட்டம் தெளிவாகச் சொல்லாமல் விட்டிருக்கும். கனடா மாதிரி, பார்வையாளராக இருக்கும் ஆறு மாதம் வரை வெளிநாட்டு முதலாளிக்குத் தொலைவிலிருந்து வேலை செய்யலாம் என்று வெளிப்படையாகவே சொல்லும் நாடுகள் குறைவு.

எஸ்தோனியாவின் இ-ரெசிடென்சி பற்றி ஒரு வார்த்தை. 2014 டிசம்பரில் தொடங்கிய இந்தத் திட்டத்தில் ஒரு அட்டை தருவார்கள், இணையம் வழியே நிறுவனம் தொடங்கலாம். ஆனால் அது விசா அல்ல, அங்கே வசிக்கும் உரிமையும் அல்ல, உங்களை அந்நாட்டு வரி வசிப்பாளராக, அதாவது வரி விஷயத்தில் அந்த நாட்டு ஆளாக, ஆக்குவதும் இல்லை. பெயரில் ‘ரெசிடென்சி’ இருப்பதைப் பார்த்து ஏமாறாதீர்கள்.

இரண்டாம் படி: பதிவு

அனுமதி கிடைத்ததும் தொழிலைப் பதிவு செய்ய வேண்டும். இங்கே ஒரு சங்கிலி உண்டு: முகவரிப் பதிவு இல்லாமல் வரி எண் வராது, வரி எண் இல்லாமல் இன்வாய்ஸ் போட முடியாது, சில வங்கிகள் இவை இரண்டும் இல்லாமல் கணக்கே திறக்காது. ஒவ்வொன்றுக்கும் வாரக்கணக்கில் ஆகலாம். அதனால் போய் இறங்கி குறைந்தது மூன்று மாதம் வருமானமே வராது என்று வைத்துக்கொண்டு கையில் பணம் வைத்திருங்கள். மூன்று என்பதுகூடத் துணிச்சலான கணக்குதான்.

உங்கள் தொழிலை அந்த நாடு எந்தப் பெட்டியில் போடுகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். ஜெர்மனியில் மொழிபெயர்ப்பாளர், பத்திரிகையாளர், பொறியாளர், கட்டடக் கலைஞர் போன்றவர்கள் வருமான வரிச் சட்டத்தின் 18ஆம் பிரிவின்படி ‘ஃப்ரைபெருஃப்ளர்’, அதாவது சுதந்திரத் தொழில் செய்பவர்கள். அவர்கள் வரி அலுவலகத்தில் பதிந்தால் போதும். அதே ஆள் இணையக் கடை திறந்தால் அது ‘கெவெர்பே’, அதாவது வணிகம், அதற்குத் தனிப் பதிவு, லாபம் கூடினால் தனி வரி. பிரான்சில் சிறிய அளவில் தொடங்குபவர்கள் ‘மைக்ரோ-ஆந்த்ரப்ரனர்’ முறையில் பதிவார்கள். அங்கே செலவுகளைக் கழிக்க முடியாது, மொத்த வரவின் மீது சதவீதக் கணக்கு. லேப்டாப்பும் தலையும் மட்டுமே மூலதனமாக உள்ளவருக்கு அது லாபம். வேலையில் பாதியை இன்னொருவரிடம் கொடுத்துச் செய்பவருக்கு நஷ்டம்.

மூன்றாம் படி: எந்த நாட்டுக்கு வரி?

‘183 நாள் விதி’யை எல்லோரும் மனப்பாடமாகச் சொல்வார்கள். ஆறு மாதத்துக்கு மேல் ஒரு நாட்டில் இருந்தால் அங்கே வரி வசிப்பாளர் ஆகிவிடுவீர்கள் என்பது பெரும்பாலும் உண்மை. அதைவிடக் குறைவாக இருந்தால் ஆக மாட்டீர்கள் என்பதுதான் பொய். ஜெர்மனியில் உங்கள் வசத்தில் ஒரு வீடு இருந்து, அதை நீங்கள் வைத்துக்கொண்டு பயன்படுத்துவது சூழ்நிலையிலேயே தெரிந்தால் போதும், நாள் எண்ணிக்கை பிறகுதான். பிரிட்டனில் 2013இலிருந்து நடப்பில் உள்ள வசிப்பிடச் சோதனையின்படி, சமீபத்தில் அங்கே வாழ்ந்தவர், குடும்பம், வீடு, வேலை என்று தொடர்புகள் நிறைய வைத்திருந்தால், வருடத்தில் 16 நாள் தங்கினாலே வசிப்பாளர் ஆகிவிட வாய்ப்புண்டு.

இன்னொரு ஆசை, எந்த நாட்டிலும் 183 நாள் இருக்காமல் சுற்றிக்கொண்டே இருந்தால் யாருக்கும் வரி கட்ட வேண்டாம் என்பது. கிளம்பிய நாடு உங்களைச் சுலபத்தில் விடாது. நீங்கள் வேறொரு நாட்டின் வரி வசிப்பாளர் என்று காகிதத்தில் காட்டும்வரை பல நாடுகள் உங்களைத் தன் ஆளாகவே பார்க்கும். அமெரிக்கா இன்னும் ஒரு படி மேலே, தன் குடிமக்கள் எங்கே வாழ்ந்தாலும் கணக்குக் காட்டச் சொல்கிறது.

இரண்டு நாடுகளும் ‘நீ என் ஆள்’ என்றால்? அவற்றுக்கிடையே இரட்டை வரி தவிர்ப்பு ஒப்பந்தம் இருந்தால் அதில் ஒரு வரிசை இருக்கும். முதலில், நிரந்தர வீடு எங்கே. இரண்டிலும் இருந்தால், குடும்பமும் பொருளாதார நலன்களும் எங்கே நெருக்கமாக உள்ளன. அதிலும் முடிவாகாவிட்டால் வழக்கமாகத் தங்குவது எங்கே, அப்புறம் எந்த நாட்டுக் குடிமகன். அதற்கும் மேல் போனால் இரு நாட்டு அதிகாரிகளும் உட்கார்ந்து பேசித் தீர்க்க வேண்டும். அந்தக் கட்டம் வரை போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி கிளையன்ட் இருக்கும் நாடு. அங்கே உங்களுக்கு அலுவலகமோ நிரந்தரமான இடமோ இல்லையென்றால், பொதுவாக அங்கே தொழில் வருமான வரி வராது. அமெரிக்க கிளையன்ட் இருந்தால் ‘டபிள்யூ-8பென்’ என்று ஒரு படிவம் கேட்பார்கள். பயப்பட வேண்டாம், நீங்கள் அமெரிக்கர் அல்ல என்று சான்று சொல்லும் காகிதம் அது, வரித்துறைக்கு அனுப்பாமல் கிளையன்ட் தன் கோப்பில் வைத்துக்கொள்வார். அமெரிக்கச் சட்டத்தில் சேவைக்கான வருமானம், வேலை எங்கே நடந்ததோ அந்த நாட்டுடையது. மறுபடியும் நாற்காலி.

ஆனால் எல்லா நாடும் அப்படியல்ல. இந்தியா, பிரேசில் போன்றவை தொழில்நுட்பச் சேவைக் கட்டணத்துக்கு, வேலை எங்கே நடந்தாலும், பணம் கொடுப்பவர் தம் நாட்டில் இருந்தால் மூலத்திலேயே வரி பிடிக்கின்றன. ஐ.நா.வின் மாதிரி ஒப்பந்தத்திலும் 2017இல் இதற்கென்றே 12ஏ என்று ஒரு பிரிவு சேர்த்தார்கள். இப்படிப் பிடித்தால் இரண்டு காகிதங்கள் வேண்டும்: நீங்கள் வசிக்கும் நாடு தரும் வரி வசிப்பிடச் சான்றிதழ், பிடித்த வரிக்கு கிளையன்ட் தரும் சான்று. முதலாவது இருந்தால் பிடித்தம் குறையலாம். இரண்டாவது இல்லாமல் உங்கள் நாட்டில் அந்த வரியைக் கழித்துக் காட்ட முடியாது. வேலை முடிந்து ஒரு வருடம் கழித்து அந்தச் சான்றைக் கேட்டால், அங்கே உங்களைத் தெரிந்த கணக்காளர் வேலையை விட்டுப் போயிருப்பார். பணம் வந்த அன்றே கேட்டு வாங்குங்கள்.

ஒரு நல்ல ஆடிட்டருக்குக் காசு கொடுப்பது இந்தப் படியில்தான் பிரயோஜனம். அதுவும் கிளம்புவதற்கு முன்னால், இரண்டு நாட்டு விதியும் தெரிந்தவரிடம், ஒரு மணி நேரம். வருடாவருடம் கணக்குத் தாக்கல் செய்வதை நீங்களே பழகிக்கொள்ளலாம். எந்தத் தேதியில் எந்த நாட்டின் வசிப்பாளராக மாறினீர்கள் என்பதைத் தப்பாக ஆரம்பித்துவிட்டால், பின்னால் சரிசெய்வது பெரும்பாடு.

நான்காம் படி: சமூகப் பாதுகாப்பும் காப்பீடும்

வருமான வரியைப் பற்றி யோசித்துவிட்டு, ஓய்வூதியம், மருத்துவம் போன்றவற்றுக்குக் கட்ட வேண்டிய சமூகப் பாதுகாப்புச் சந்தாவை மறந்துவிடுகிறவர்கள் அதிகம். பல நாடுகளில் ஃப்ரீலான்ஸருக்கு வருமான வரியைவிட இதுதான் பெரிய தொகை. அமெரிக்காவில் இதன் பெயர் சுயதொழில் வரி, 15.3 சதவீதம். வெளிநாட்டில் வாழும் அமெரிக்கர்கள் வருமான வரிவிலக்கு வாங்கிவிட்டு நிம்மதியாக இருப்பார்கள், அந்த விலக்கு சுயதொழில் வரிக்குப் பொருந்தாது என்பது பிறகுதான் தெரியும். சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தம் உள்ள நாட்டில் வாழ்ந்தால் மட்டுமே அதிலிருந்து தப்பலாம், அதற்கும் சான்றிதழ் வேண்டும்.

ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் விதி தெளிவு: ஒரே நேரத்தில் ஒரே ஒரு நாட்டின் அமைப்பில்தான் இருக்க முடியும். ஒரு நாட்டில் சுயதொழில் செய்பவர் இன்னொரு நாட்டுக்குத் தற்காலிகமாகப் போய் வேலை செய்தால், ‘ஏ1’ சான்றை வாங்கிக்கொண்டு 24 மாதம் வரை பழைய நாட்டிலேயே கட்டிக்கொண்டிருக்கலாம். ஒன்றியத்துக்கு வெளியே இரு நாடுகளுக்கிடையேயான ஒப்பந்தத்தைப் பார்க்க வேண்டும். ஒப்பந்தம் இல்லாவிட்டால் இரண்டு பக்கமும் கட்ட நேரலாம், அல்லது ஒரு பக்கம் கட்டியது ஓய்வூதியக் கணக்கில் சேராமலே போகலாம்.

மருத்துவக் காப்பீட்டில் பயணக் காப்பீட்டை நம்பாதீர்கள். அது அவசரத்துக்கு மட்டும், நாள்பட்ட நோய்க்கோ பிரசவத்துக்கோ உதவாது, வசிப்பிட அனுமதிக்கும் பெரும்பாலும் ஏற்க மாட்டார்கள். ஜெர்மனி போன்ற நாட்டில் பொதுக் காப்பீடா தனியார் காப்பீடா என்ற தேர்வை அவசரத்தில் செய்யாதீர்கள். இளம் வயதில் தனியார் மலிவாகத் தெரியும், ஆனால் 55 வயதுக்குப் பிறகு பொதுக் காப்பீட்டுக்குத் திரும்புவது ஏறக்குறைய நடக்காத காரியம். அதே நாட்டில் எழுத்தாளர், பத்திரிகையாளர், கலைஞர்களுக்கு 1983இலிருந்து கலைஞர் சமூக நிதி என்று ஒன்று இருக்கிறது. பிரீமியத்தில் ஏறக்குறைய பாதியை அது ஏற்கும், வெளிநாட்டவரும் சேரலாம். தேடாதவருக்கு இதை யாரும் வந்து சொல்ல மாட்டார்கள்.

ஐந்தாம் படி: இன்வாய்ஸும் மதிப்புக்கூட்டு வரியும்

இதுவரை பெரும்பாலும் உங்கள் நாற்காலியைப் பார்த்தோம். மதிப்புக்கூட்டு வரியில் கிளையன்டின் நாற்காலியைப் பார்க்க வேண்டும். ஒரு நிறுவனத்துக்குச் சேவை செய்தால், ஐரோப்பிய ஒன்றியத்திலும் இன்னும் பல நாடுகளிலும், வரி கிளையன்ட் இருக்கும் நாட்டுக்குரியது, அதை அவரே கணக்கில் காட்டிக் கட்டுவார். நீங்கள் இன்வாய்ஸில் வரி சேர்க்காமல், ‘ரிவர்ஸ் சார்ஜ்’ என்று ஒரு குறிப்பு எழுதி, இருவரின் வரி எண்ணையும் போட வேண்டும். ஒன்றியத்துக்குள் என்றால் கிளையன்டின் எண் செல்லுமா என்று ஒன்றியத்தின் ‘வீஸ்’ (VIES) தளத்தில் சரிபார்த்து, அந்தப் பக்கத்தைச் சேமித்து வைத்துக்கொள்ளுங்கள். எண் தப்பாக இருந்தால் அந்த வரி உங்கள் கையிலிருந்து போகும்.

தனிநபருக்கு விற்றால் கதை வேறு. நேரில் அல்லாமல், பதிவிறக்கம் செய்யும் பாடம், செயலி, மின்னூல் போன்றவற்றை விற்றால் வாங்குபவரின் நாட்டு விகிதம். ஒன்றியத்துக்குள் எல்லை தாண்டிய இந்த விற்பனை ஆண்டுக்கு 10,000 யூரோவுக்குள் இருந்தால் சொந்த நாட்டு விகிதம் போதும். தாண்டினால், 2021 ஜூலையிலிருந்து நடப்பில் உள்ள ஒற்றைச் சாளர முறையில் எல்லா நாட்டு வரியையும் ஒரே இடத்தில் கட்டலாம். சிறுதொழில் விலக்கும் உண்டு: ஜெர்மனியில் 2025 முதல் முந்தைய ஆண்டு வரவு 25,000 யூரோ வரை, பிரிட்டனில் 2024 ஏப்ரல் முதல் 90,000 பவுண்டு வரை. ஒரு எச்சரிக்கை: உள்நாட்டில் விலக்கு இருந்தாலும், நீங்கள் வெளிநாட்டு மென்பொருளுக்கும் விளம்பரத்துக்கும் கட்டும் சந்தாவுக்கு ரிவர்ஸ் சார்ஜ் வரியை நீங்கள் கட்ட வேண்டியிருக்கலாம்.

இன்வாய்ஸின் உருவமும் முக்கியம். விட்டுப்போகாத தொடர் எண், தேதி, சேவை நடந்த நாள், இருவரின் முழுப் பெயர், முகவரி, வரி எண், தொகை, நாணயம். தேதியை 03/04 என்று போடாதீர்கள், அமெரிக்கருக்கு அது மார்ச் 4, மற்றவர்களில் பெரும்பாலோருக்கு ஏப்ரல் 3. மாதத்தை எழுத்தில் எழுதிவிடுங்கள்.

புள்ளியும் காற்புள்ளியும் அதைவிட மோசம். நான் இருந்த நாட்டில் ஆயிரத்தைப் பிரிக்கப் புள்ளி வைப்பார்கள், தசமத்துக்குக் காற்புள்ளி. என் மென்பொருளும் அப்படியே ‘1.500’ என்று அச்சடித்தது. கிளையன்ட் இருந்த நாட்டில் அது நேர்மாறு. அவர்களுடைய கணக்குப் பிரிவில் இன்வாய்ஸை இயந்திரமே படிக்கிறது போல. ஒன்றரை டாலர் அனுப்பிவிட்டு, ‘முழுத்தொகையும் செலுத்தப்பட்டது’ என்று தானியங்கிக் கடிதமும் வந்தது. மீதி 1,498 டாலர் 50 சென்ட்டை வாங்க ஆறு வாரம் ஆயிற்று. அதிலிருந்து தொகையை எண்ணிலும் எழுத்திலும் போடுகிறேன், ஆயிரத்துக்கு எந்தக் குறியும் இல்லாமல்.

காகிதத்தையோ பிடிஎஃப்பையோ அனுப்புவதும் மெல்ல மறைந்துவருகிறது. ஜெர்மனியில் 2025 ஜனவரி முதல் உள்நாட்டு நிறுவனங்களிடமிருந்து மின் இன்வாய்ஸைப் பெறும் வசதி எல்லாத் தொழிலுக்கும் கட்டாயம், பெல்ஜியத்தில் 2026 ஜனவரி முதல் அனுப்புவதும் கட்டாயம். மென்பொருள் வாங்கும்போது நீங்கள் வாழும் நாட்டின் வடிவத்தை அது ஆதரிக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

ஆறாம் படி: பணம் வந்து சேர

எல்லை தாண்டிய வங்கி மாற்றத்தில் கட்டணத்தை யார் ஏற்பது என்று மூன்று வழிகள் உண்டு: அனுப்புபவர் முழுவதும், இருவரும் பகிர்ந்து, பெறுபவர் முழுவதும். எதுவும் சொல்லாவிட்டால் பெரும்பாலும் பகிர்வுதான், நடுவில் இருக்கும் வங்கி ஒன்று தன் பங்கை எடுத்துக்கொண்டு மீதியை அனுப்பும். ‘கட்டணம் முழுவதும் அனுப்புபவருடையது’ என்று இன்வாய்ஸிலேயே எழுதுங்கள். கட்டணத்தைவிடப் பெரிய ஓட்டை நாணய மாற்று விகிதம். ‘கட்டணமே இல்லை’ என்று விளம்பரம் செய்பவரிடம்தான் விகிதத்தை உற்றுப் பார்க்க வேண்டும்.

தொழிலுக்குத் தனிக் கணக்கு வையுங்கள், சட்டம் கேட்காவிட்டாலும். வேறு நாட்டில் கணக்கு வைத்திருந்தால் வரித்துறைக்குத் தெரியாது என்று நினைக்க வேண்டாம். 2017 முதல் நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகள் வங்கிக் கணக்கு விவரங்களைத் தமக்குள் தானாகவே பரிமாறிக்கொள்கின்றன. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2023 முதல் ஃப்ரீலான்ஸ் தளங்களும் உங்கள் வருமானத்தை வரித்துறைக்குத் தெரிவிக்கின்றன.

வெளிநாட்டு நாணயத்தில் வந்த பணத்தை உள்ளூர் நாணயத்தில் கணக்கெழுத அதிகாரப்பூர்வ விகிதம் வேண்டும். பல நாட்டு வரித்துறைகள் மாத விகிதம் வெளியிடுகின்றன. ஒரு முறையைப் பிடித்துக்கொண்டு வருடம் முழுவதும் அதையே பின்பற்றுங்கள்.

ஏழாம் படி: இரண்டாம் வருட அதிர்ச்சி

முதல் வருடம் எல்லாம் சுகமாக இருக்கும். வந்த பணமெல்லாம் உங்களுடையது மாதிரி தோன்றும். இரண்டாம் வருடம்தான் இடி விழும், ஏனென்றால் பழைய வருட வரியும் புதிய வருட முன்வரியும் ஒன்றாக வரும்.

பிரிட்டனின் கணக்கைப் பாருங்கள். வரி ஆண்டு ஏப்ரல் 5இல் முடிகிறது. அந்த ஆண்டுக்கான வரி 6,000 பவுண்டு என்று வைத்துக்கொள்வோம். அடுத்த ஜனவரி 31க்குள் அந்த 6,000-ஐக் கட்ட வேண்டும். அதே நாளில், அடுத்த ஆண்டுக்கு முன்பணமாக அதில் பாதி, 3,000. ஆக ஒரே நாளில் 9,000. ஜூலை 31இல் இன்னொரு 3,000. வருமானம் ஏறவே இல்லை, ஆனால் ஆறு மாதத்தில் 12,000 போய்விட்டது. ஜெர்மனியில் முன்வரி மார்ச், ஜூன், செப்டம்பர், டிசம்பர் 10ஆம் தேதிகளில். முதல் கணக்கு முடிந்ததும் தொகையை அலுவலகமே நிர்ணயித்துக் கடிதம் போடும். வருமானம் இறங்கினால் குறைக்கச் சொல்லிக் கேட்கலாம், கேட்காமல் அவர்களாகக் குறைக்க மாட்டார்கள்.

தீர்வு ஒன்றுதான், அதில் புத்திசாலித்தனம் எதுவும் தேவையில்லை. ஒவ்வொரு பணமும் வந்த அன்றே மூன்றில் ஒரு பங்கை வேறு கணக்குக்குத் தள்ளிவிடுங்கள். மதிப்புக்கூட்டு வரி வசூலித்திருந்தால் அதை முழுவதுமாக, இதற்கு மேல். அந்தக் கணக்குக்கு அட்டை வாங்காதீர்கள்.

எட்டாம் படி: ஒப்பந்தம், பாக்கி, ஒரே கிளையன்ட்

ஒப்பந்தத்தில் எந்த நாட்டுச் சட்டம், எந்த நீதிமன்றம் என்று ஒரு பிரிவு இருக்கும். பெரிய தொகைக்கு அது முக்கியம், நடுவர் மன்றம் என்று எழுதினால் 1958ஆம் ஆண்டின் நியூயார்க் உடன்படிக்கை மூலம் தீர்ப்பைப் பெரும்பாலான நாடுகளில் அமல்படுத்தலாம். சின்னத் தொகைக்கு யாரும் எல்லை தாண்டி வழக்குப் போடப்போவதில்லை, அது கிளையன்டுக்கும் தெரியும். அங்கே உங்களைக் காப்பது முன்பணம்தான். புதியவரிடம் பாதி முன்னால், வேலையைத் துண்டுகளாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் பணம், முழுப் பணம் வந்த பிறகே பதிப்புரிமை மாற்றம். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் தாமதித்தால், 2011இன் வழிகாட்டுதலின்படி மத்திய வங்கி விகிதத்துக்கு மேல் குறைந்தது 8 சதவீதப் புள்ளி வட்டியும், குறைந்தது 40 யூரோ இழப்பீடும் கேட்க உரிமை உண்டு. நான் ஒருமுறைகூட அந்த 40 யூரோவை வாங்கியதில்லை. ஆனால் நினைவூட்டும் கடிதத்தில் அந்த வாக்கியத்தைச் சேர்த்த பிறகு பணம் சீக்கிரம் வருகிறது.

ஒரே கிளையன்டிடமிருந்து வருமானம் எல்லாம் வருவது வசதிதான், ஆபத்தும் அதுதான். அவர் சொல்லும் நேரத்தில், அவர் கருவியில், அவர் ஆட்களோடு சேர்ந்து வேலை செய்தால், ‘நீ ஃப்ரீலான்ஸர் இல்லை, மறைமுக ஊழியர்’ என்று அரசு சொல்லலாம். பிரிட்டனில் 2000இலிருந்து ஐஆர்35 விதிகள் இதற்காகத்தான். ஜெர்மனியில் வருமானத்தில் ஆறில் ஐந்து பங்கு ஒருவரிடமிருந்தே வந்து, உங்களிடம் ஊழியரும் இல்லையென்றால், அரசு ஓய்வூதியக் காப்பீடு கட்டாயமாகலாம். சுயதொழில் விசாவில் இருப்பவருக்கு இது இரட்டை ஆபத்து: ஊழியர் என்று முடிவானால் கையில் இருக்கும் அனுமதியே அந்த வேலைக்குப் பொருந்தாமல் போகும்.

ஒன்பதாம் படி: புதுப்பிப்பதும் கிளம்புவதும்

அனுமதியைப் புதுப்பிக்கும்போது வரித் தீர்வுக் கடிதம், காப்பீட்டுச் சான்று, சமீப மாதங்களின் லாபக் கணக்கு, கிளையன்ட் ஒப்பந்தங்கள் கேட்பார்கள். வரியைக் குறைக்கச் செலவுகளை அள்ளிப் போட்டு லாபத்தைச் சுருக்கிக் காட்டியவர்கள் இந்த மேசையின் முன்னால்தான் திண்டாடுவார்கள். ஒரு மேசைக்கு ஏழையாகவும் அடுத்த மேசைக்கு வசதியானவராகவும் இருக்க முடியாது, இரண்டு மேசையிலும் அதே காகிதம்தான்.

நாட்டை விட்டுக் கிளம்பும்போது வந்தபோது செய்ததை எல்லாம் தலைகீழாகச் செய்ய வேண்டும். முகவரிப் பதிவை நீக்குங்கள், தொழிலை மூடியதாகத் தெரிவியுங்கள், மதிப்புக்கூட்டு வரி எண்ணை ரத்துசெய்யுங்கள், காப்பீட்டுக்குச் சொல்லுங்கள். சொல்லாமல் போனால் முன்வரியும் பிரீமியமும் ஓடிக்கொண்டே இருக்கும், அபராதக் கடிதங்கள் நீங்கள் இல்லாத வீட்டுக்குப் போய்ச் சேரும். கடைசி வருடக் கணக்கை அடுத்த வருடம் வெளியிலிருந்துதான் தாக்கல் செய்ய வேண்டியிருக்கும். ஆவணங்களைத் தூக்கிப் போடாதீர்கள். பிரிட்டனில் தாக்கல் செய்ய வேண்டிய ஜனவரி 31க்குப் பிறகு குறைந்தது ஐந்து வருடம், ஜெர்மனியில் இன்வாய்ஸ்களை எட்டு வருடம் வைத்திருக்க வேண்டும்.

உள்ளூர் சிம் கார்டை விமான நிலையத்தில் கழற்றி எறிந்துவிட்டுப் போகாதீர்கள். வரித்துறைத் தளமும் வங்கியும் கடவு எண்ணை அந்த எண்ணுக்குத்தான் அனுப்பும். நான் எறிந்தேன். திரும்ப வர வேண்டிய வரிப்பணம் ஏழு மாதம் அந்தத் தளத்துக்குள்ளேயே கிடந்தது.